டிகிரியா, டிராஃப்டா? அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் விஷயத்தில் நீங்கள் எந்தக் கட்சி?

நியூஜெர்சி நாகு:

என்.பி.ஏ. என்கிற தொழில்முறை பேஸ்கட்பால் லீகின் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வுக்கு, முன்கூட்டியே பெயர் கொடுக்கிறவர்களின் பட்டியலை வருடாவருடம் பார்க்கிற ஆள் நான். கல்லூரியில் நாலு வருடம் முடிக்காமல் "நான் தயார், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வருகிற பையன்கள்தான் அதில் பெரும்பாலும். 2021ல் அந்தப் பட்டியலில் 350 பேருக்கு மேல் இருந்தார்கள். 2025ல் 106 பேர். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2021 ஜூலையிலிருந்து கல்லூரியில் ஆடும்போதே விளம்பரம், ஸ்பான்சர் என்று காசு வாங்கலாம் என்று ஆகிவிட்டதுதான் முக்கியக் காரணம். அதற்கு அப்புறம் வருவோம்.

என் கேள்வி பழைய கேள்விதான். நல்ல ஆட்டக்காரன், இருபது வயது, மூன்றாம் வருடம் போகிறான். டிகிரியை முடிக்கட்டுமா, கிளம்பிவிடட்டுமா? நான் கிளம்பு கட்சி. ஷகீல் ஓ'நீல் 1992ல் எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்தை மூன்று வருடத்தோடு விட்டுப் போனார், 2000ல் டிகிரியை முடித்தார், அதோடு நிற்காமல் எம்.பி.ஏ., 2012ல் கல்வியியலில் முனைவர் பட்டம் வரைக்கும் போனார். ஸ்டெஃப் கறி 2009ல் டேவிட்சன் கல்லூரியை விட்டார், 2022ல் முடித்தார், நடுவில் மூன்று சாம்பியன்ஷிப் வேறு. ஜோர்டனும் 1984ல் கிளம்பிப் போய், அப்புறம் வந்து புவியியல் டிகிரி வாங்கினவர்தான். படிப்பு காத்திருக்கும், முழங்கால் காத்திருக்காது. வீட்டில் சொன்னால் நம் ஆட்கள் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

கோடம்பாக்கம் கோல்கீப்பர்:

அடிப்படைச் சந்தேகம் ஒன்று. ஏன் இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்? நம்ம அஸ்வின் எஸ்.எஸ்.என்.னில் பி.டெக். படித்துக்கொண்டே தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடினார். கல்லூரி ஒரு பக்கம், ஸ்டேட் டீம் ஒரு பக்கம். அங்கே மட்டும் ஏன் இந்தப் பஞ்சாயத்து?

பழைய ஸ்கோர்ஷீட்:

கோல்கீப்பர் தம்பி, நம்ம ஊரில் கிளப்பும் ஸ்டேட் அசோசியேஷனும் செய்கிற வேலையை அங்கே பல்கலைக்கழகம் செய்கிறது. அமெரிக்கன் ஃபுட்பாலிலும் பேஸ்கட்பாலிலும் தொழில்முறை அணிகளுக்கு ஆள் தயாரித்துக் கொடுப்பதே கல்லூரிதான். ஒரு லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது, என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை ஃபுட்பால் லீகில் எந்த அணிக்கும் அவ்வளவு பெரியது கிடையாது. ஆனால் ஆடுகிறவன் மாணவன், அதனால் சம்பளம் கிடையாது, ஸ்காலர்ஷிப் மட்டும், என்பதுதான் பல பத்தாண்டுகள் ஓடின கதை. ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டால் கல்லூரி ஆட்டம் முடிந்தது. டிராஃப்டில் பெயர் கொடுத்துவிட்டுக் குறித்த தேதிக்குள் வாபஸ் வாங்காவிட்டாலும் முடிந்தது. அதனால்தான் இரண்டில் ஒன்று.

அதிலும் எப்போது கிளம்பலாம் என்பது ஆட்டக்காரன் கையில் இல்லை. என்.பி.ஏ.யில் ஒரு காலத்தில் பள்ளி முடித்து நாலு வருடம் ஆகாமல் யாரையும் சேர்க்க மாட்டார்கள். ஸ்பென்சர் ஹேவுட் என்று ஒருவர், மிசிசிப்பியில் பருத்தி பறித்துப் பிழைத்த குடும்பம், வீட்டில் பத்துப் பிள்ளைகள். கல்லூரியைப் பாதியில் விட்டுப் போட்டி லீகுக்குப் போனார், அங்கிருந்து சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அவரை எடுத்ததும் என்.பி.ஏ. தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1971ல் அவர் பக்கம் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் குடும்பக் கஷ்டம் என்று காட்டினால் முன்கூட்டியே வரலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அப்படியே தளர்ந்து தளர்ந்து 1995ல் கெவின் கார்னெட், 96ல் கோபி பிரையன்ட், 2003ல் லெப்ரான் என்று பள்ளியிலிருந்தே நேராக வந்தார்கள். 2005ல் மறுபடி கதவைப் பாதி சாத்தினார்கள், 19 வயதாகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடம் போயிருக்க வேண்டும் என்று. கல்லூரியில் ஒரே ஒரு வருடம் தலையைக் காட்டிவிட்டுப் போகிற கூட்டம் அங்கிருந்து வந்ததுதான்.

ஃபுட்பாலில் இன்னும் கெடுபிடி, பள்ளி முடித்து மூன்று வருடம். மாரிஸ் கிளாரெட் என்ற ஒஹாயோ ஸ்டேட் பையன் முதல் வருடத்திலேயே தேசியச் சாம்பியன் அணியில் ஆடினவன், 2003ல் அந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டான். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தான், மேல்முறையீட்டில் தோற்றான். தீர்ப்பு எழுதியவர் சோனியா சோட்டோமேயர், பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். கிளாரெட் 2005ல் மூன்றாவது சுற்றில் எடுக்கப்பட்டு, ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடாமல், கடைசியில் சிறைக்கே போய் வந்தான்.

நாகு சொல்கிற "கிளம்பு" என்பது விதி அனுமதித்த நாளிலிருந்து மட்டும்தான் கிளம்பு.

கரையோரக் கணேசன்:

அப்போ படிப்பு என்பது லீகுகளுக்குச் செலவில்லாமல் ஆள் வளர்க்கிற ஏற்பாட்டுக்குப் போட்ட முகமூடிதானே. எதற்கு இவ்வளவு விவாதம்.

ராலே ராதா:

கணேசன், அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள். நாகு சார், நீங்களும் ஷாக், கறி, ஜோர்டன் என்று மூன்று மலைகளைக் காட்டி ஊரே மேடு என்கிறீர்கள். கல்லூரி ஃபுட்பால் ஆடி டிராஃப்டுக்குத் தகுதி பெறுகிறவர்களில் எடுக்கப்படுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை, இது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கிற என்.சி.ஏ.ஏ. அமைப்பே வெளியிடுகிற கணக்கு. பேஸ்கட்பாலில் அதைவிடக் குறைவு. அப்படி உள்ளே போனவர்களும் ஃபுட்பாலில் சராசரியாக மூன்று சொச்சம் வருடம்தான் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது அவர்கள் சங்கமே சொல்வது. 25 வயதில் வீட்டுக்கு வருகிறவனுக்கு மீதி நாற்பது வருடம் இருக்கிறது.

நான் இருப்பது வட கரோலைனாவில், பேஸ்கட்பால் இங்கே மதம் மாதிரி. வின்ஸ் கார்ட்டர் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1998ல் சேப்பல் ஹில்லில் இருக்கிற வட கரோலைனா பல்கலைக்கழகத்தை மூன்று வருடத்தோடு விட்டவர், டொரான்டோவுக்கு ஆடிக்கொண்டே மிச்சப் பாடங்களை முடித்தார். பட்டமளிப்பு விழா 2001 மே 20 காலை. அன்றைக்கே பிலடெல்பியாவில் ப்ளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம், தோற்றால் வெளியே. காலையில் அங்கியும் தொப்பியுமாக விழாவில் உட்கார்ந்துவிட்டுத் தனி விமானத்தில் பறந்து போய் ஆடினார், 20 புள்ளி எடுத்தார், கடைசி நொடியில் அவர் கையிலிருந்து போன பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது, 88க்கு 87 என்று ஒரு புள்ளியில் தோல்வி. பல வருடம் திட்டினார்கள். அத்தனை கோடி சம்பாதிக்கிறவருக்கு அந்தக் காகிதம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அது ஒரு நாள் பேச்சு, அவருக்கு அது வேறு.

டிம் டங்கனை ஏன் விட்டுவிட்டீர்கள்? அம்மா புற்றுநோயில் சாகும் முன் டிகிரி முடிப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். முன்னாலேயே போயிருந்தாலும் கோடிகள் காத்திருந்தன, வேக் ஃபாரஸ்ட்டில் நாலு வருடமும் இருந்து உளவியல் முடித்துவிட்டு 1997ல் முதல் ஆளாகப் போனார். ஒன்றும் குறைந்துபோகவில்லை, சான் அன்டோனியோவுக்கு ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

நாலாவது டவுன்:

டங்கன் விஷயத்தில் ராதா மேடம் சொல்வது சரி, ஆனால் டங்கன் ஏழடியை ஒட்டின உயரம், அடிபடாமல் தப்பித்தவர். ஃபுட்பாலுக்கு வாருங்கள், இங்கே ஒவ்வொரு ஆட்டமும் ஒரு சின்ன கார் விபத்துதான்.

நான் இந்த விஷயத்தை க்வார்ட்டர்பேக்குகளை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்களை வைத்துத்தான் யோசிப்பேன். 2004 சீசன் முடிந்ததும் மாட் லைனார்ட் கையில் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை, தேசியச் சாம்பியன் பட்டம். வந்தால் முதல் இடம் என்று பேச்சு. வரவில்லை, யு.எஸ்.சி.யில் இன்னொரு வருடம் இருந்தார். டிகிரிக்கு ஒரே ஒரு பாடம்தான் பாக்கி, அந்த செமஸ்டரில் எடுத்தது பால்ரூம் நடனம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. அடுத்த டிராஃப்டில் பத்தாவது ஆளாகப் போனார். அவர் வராத அந்த 2005 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனது அலெக்ஸ் ஸ்மித், யூட்டா. அந்த ஆள் பொருளாதார டிகிரியை இரண்டே வருடத்தில் முடித்துவிட்டு, ஆட ஒரு வருடம் பாக்கி வைத்துக் கிளம்பினவர். டிகிரியும் உண்டு, சீக்கிரமாகவும் போனார். இது எல்லோராலும் முடியாது, பள்ளியிலேயே கல்லூரிப் பாடங்களை எழுதிக் கிரெடிட் வாங்கி வந்தவர்.

ஆண்ட்ரூ லக் கதை வேறு மாதிரி. 2011 ஜனவரியில் கிளம்பியிருந்தால் முதல் இடம் நிச்சயம், ஸ்டான்ஃபோர்டில் கட்டிடக்கலை வடிவமைப்பு டிகிரியை முடிக்கிறேன் என்று இருந்துவிட்டார். ஐயோ பணம் போச்சே என்று அப்போது எல்லோரும் கத்தினோம், ஏனென்றால் 2010ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். ஆனால் 2011 கோடையில் லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் புது ஒப்பந்தம் வந்து புதுமுகச் சம்பளத்தையே வெட்டிவிட்டார்கள். லக் வராத இடத்தில் போன கேம் நியூட்டனுக்கு நாலு வருடம் 2.2 கோடி, 2012ல் லக்குக்கும் கிட்டத்தட்ட அதே. காத்திருந்ததால் முதல் ஒப்பந்தத்தில் அவருக்கு எதுவும் போகவில்லை, ஒரு வருடம்தான் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடத்துக்கும் விலை உண்டு என்பது 2019ல் தெரிந்தது, 29 வயதில் உடம்பு தாங்காமல் ஓய்வு. இப்போது அதே ஸ்டான்ஃபோர்டு ஃபுட்பால் அணியின் ஜெனரல் மேனேஜர்.

எனக்கு ரொம்பப் பிடித்த கேஸ் கார்டேல் ஜோன்ஸ். 2012ல் ஒஹாயோ ஸ்டேட்டில் முதல் வருடம், "ஃபுட்பால் ஆட வந்த எங்களுக்கு கிளாஸ் எதற்கு, பள்ளிக்கூடம் விளையாடவா வந்தோம்" என்கிற பொருளில் ஒரு ட்வீட் போட்டு ஊரெல்லாம் சிரித்தது. 2014ல் அவர் மூன்றாவது வரிசை ஆள். முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் அடி, இவர் உள்ளே வந்தார், மூன்றே ஆட்டம், விஸ்கான்சினை 59க்கு 0, அப்புறம் அலபாமா, அப்புறம் ஆரிகன், தேசியச் சாம்பியன். சந்தையில் மவுசு உச்சத்தில் இருந்த அந்த 2015 ஜனவரியில் கிளீவ்லாண்டில் தான் படித்த பள்ளியில் பிரஸ் மீட் வைத்தார், கிளம்புகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள், டிகிரி முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த சீசனில் பெஞ்ச். 2016ல் நாலாவது சுற்று. அதற்கும் அடுத்த வருடம் பட்டம் வாங்கும்போது தொப்பி மேல் அந்தப் பழைய ட்வீட்டையே எழுதிக்கொண்டு போய் நின்றார். அந்த மனிதரிடம் போய் நீ நஷ்டப்பட்டாயா என்று கேட்க எனக்கு வாய் வராது, ஆனால் காசுக் கணக்கில் நஷ்டம்தான்.

நியூஜெர்சி நாகு:

டவுன், கார்டேலை நீங்களே கொண்டுவந்து என் பக்கம் போட்டுவிட்டீர்கள், நன்றி. ஜெய்லான் ஸ்மித்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டர் டேம், முதல் ஐந்துக்குள் போவார் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள், 2016 புத்தாண்டு அன்று ஃபியஸ்டா பவுல் என்கிற சீசன் முடிவுச் சிறப்பு ஆட்டத்தில் முழங்கால் போச்சு, 34வது இடம். காப்பீடு எடுத்து வைத்திருந்தார், பணமும் வந்தது, முதல் ஐந்துக்கும் 34க்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை அது நிரப்பாது. அந்த வருடக் கடைசியிலேயே லெனர்ட் ஃபோர்னெட்டும் கிறிஸ்டியன் மெக்கஃப்ரியும் தங்கள் அணியின் பவுல் ஆட்டத்தில் ஆடாமல் விலகிக்கொண்டார்கள், துரோகம் என்று டி.வி.யில் ஒரே கூச்சல். இப்போது அது சாதாரணம்.

ராதா மேடம், ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்கிற கணக்கு இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. நான் பேசுவது எல்லா ஆட்டக்காரர்களையும் பற்றியல்ல, எடுக்கப்படப் போகிறான் என்று தெரிந்தவனைப் பற்றி. மற்ற 98 பேருக்கும் தேர்வே இல்லை, அவர்கள் படிக்கத்தான் வேண்டும்.

ராலே ராதா:

தெரிந்தவன் என்று யார் சார் சொல்வது? என்.பி.ஏ.யில் முதல் சுற்றில் 30 பேர், அவர்களுக்கு முதல் இரண்டு வருடச் சம்பளம் நிச்சயம். 31வது ஆளுக்கு அந்த நிச்சயம் இல்லை. என்.பி.ஏ.வுக்குக் கீழே இருக்கிற ஜி லீகில் விழுந்தால் வருடத்துக்கு 40,000 டாலரை ஒட்டித்தான். 25லிருந்து 45க்குள் எங்கேயோ போவான் என்று சொல்லப்படுகிற பையன்தான் நிஜமாகவே தவிக்கிறவன், அவன் காதில் ஏஜென்ட் ஒன்று சொல்வான், கோச் ஒன்று சொல்வான், இரண்டு பேருக்கும் சொந்தக் கணக்கு உண்டு. லைனார்ட், லக் எல்லாம் நமக்குப் பேசச் சுவாரசியமான ஆட்கள், அவ்வளவுதான்.

மைரன் ரோலைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஃப்ளோரிடா ஸ்டேட், டிஃபென்ஸ் ஆடினவர், இரண்டரை வருடத்தில் டிகிரி. 2008 நவம்பரில், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கக் கொடுக்கிற ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்புக்கு நேர்காணல் அலபாமாவில், அதே நாள் மேரிலாண்டில் ஆட்டம். நேர்காணல் முடித்து, கிடைத்துவிட்டது என்று தெரிந்த கையோடு விமானம் ஏறி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது போய் இறங்கினார். டிராஃப்டை ஒரு வருடம் தள்ளிவைத்து ஆக்ஸ்ஃபோர்டு போனார். திரும்பி வந்தபோது ஒரு அணியின் நேர்காணலில் கூட ஆடினவர்களை விட்டுவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போனது எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். 2010ல் ஆறாவது சுற்றில் 207வது ஆள். என்.எஃப்.எல்.லில் ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடவில்லை. மருத்துவம் படித்து, பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பயிற்சிக்குப் போனார். இதை எந்தக் கட்சியில் போடுவீர்கள்?

கரையோரக் கணேசன்:

ரோல் மாதிரி ஆள் நூறு வருடத்துக்கு ஒருத்தர். மற்றவர்களுக்குக் கொடுக்கிற டிகிரியின் லட்சணம் என்ன என்று உங்கள் ஊரிலேயே விசாரித்துச் சொன்னார்களே?

ராலே ராதா:

உங்கள் ஊர் என்று குத்தினாலும் பரவாயில்லை, சொல்கிறேன். 2014ல் வந்த வெய்ன்ஸ்டைன் அறிக்கை. சேப்பல் ஹில்லில் 18 வருடமாக, வகுப்பே நடக்காத பாடங்கள், கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், அதையும் ஆசிரியர் யாரும் படிக்க மாட்டார், அலுவலகத்தில் இருந்த ஒருவர் மதிப்பெண் போட்டுவிடுவார். 3,100 மாணவர்களுக்கு மேல், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக விளையாட்டு வீரர்கள். என்.சி.ஏ.ஏ. மூன்று வருடம் குடைந்துவிட்டு 2017ல் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை, வீரர்களுக்கு மட்டுமல்ல, எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்த பாடங்கள் என்பதால்.

அது ஊழல், தலைப்புச் செய்தி ஆனது. தலைப்புச் செய்தி ஆகாத ஒன்று சொல்கிறேன். என் பெண் வேறு மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீச்சல் ஸ்காலர்ஷிப்பில் படித்தாள், பெயர் வேண்டாம். கெமிஸ்ட்ரியை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுக்க ஆசை. ஆர்கானிக் லேப் செவ்வாய், வியாழன் மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்து ஐந்தரை வரை, பயிற்சி இரண்டு மணிக்கு. விளையாட்டுத் துறையின் அட்வைசர் திட்டவில்லை, தடுக்கவில்லை, அழகாக ஒரு அட்டவணையைத் திருப்பிக் காட்டினாராம், பயிற்சி நேரம் சிவப்பில், மதியத்துக்குப் பிறகு எல்லாமே சிவப்பு. "காலையில் முடிகிற மேஜர்கள் இவை" என்று பக்கத்தில் ஐந்து பெயர். அவள் கம்யூனிகேஷன்ஸ் முடித்தாள், இப்போது இரவு வகுப்பில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள், எங்கள் காசில். நீச்சலில் லீகும் கிடையாது, டிராஃப்டும் கிடையாது. டிகிரி முடித்தாளா என்றால் முடித்தாள். அதனால் நான் "இரு, முடி" கட்சி என்றாலும், இருந்தால் எந்த டிகிரி என்று கேட்காமல் யாருக்கும் "இரு" என்று சொல்ல மாட்டேன்.

சேத்துப்பட்டு சர்வீஸ்:

டென்னிஸ்காரன் நடுவில் புகுந்துகொள்ளலாமா. நீங்கள் எல்லோரும் டிராஃப்ட் இருக்கிற ஆட்டங்களையே பேசுகிறீர்கள். டென்னிஸில் உன்னை யாரும் எடுக்க மாட்டார்கள், சம்பளம் கிடையாது, விமான டிக்கெட், கோச், ஹோட்டல், ராக்கெட் கம்பி எல்லாம் கைக்காசு. முதல் நூறுக்கு வெளியே இருக்கிறவனுக்கு வரவும் செலவும் சரியாகப் போனால் பெரிய விஷயம். அதனால் இங்கே கல்லூரி என்பது நாலு வருடம் ஓசியில் கோச், ஜிம், பிசியோ, ஆட்டம்.

நம்ம சோம்தேவ் தேவ்வர்மன், சென்னையில் பயிற்சி எடுத்த பையன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2006ல் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் இறுதிப்போட்டியில் தோல்வி, 2007லும் 2008லும் சாம்பியன். 2007 இறுதியில் அவரிடம் தோற்றது யார் தெரியுமா, ஜான் இஸ்னர். இஸ்னரும் ஜார்ஜியாவில் நாலு வருடம் முழுசாக இருந்தவர், பிற்பாடு உலகத் தரவரிசையில் 8வது இடம் வரை போனார். 2007லேயே சாம்பியன் ஆன சோம்தேவ் அப்போதே கிளம்பியிருக்கலாம், இன்னொரு வருடம் இருந்து சமூகவியல் முடித்துவிட்டுத்தான் வந்தார். வந்த சில மாதத்தில் 2009 சென்னை ஓபன், வைல்டு கார்டு, 200க்கு வெளியே ரேங்க். நுங்கம்பாக்கத்தில் கார்லோஸ் மோயாவைத் தோற்கடித்தார், கார்லோவிச்சைத் தோற்கடித்தார், இறுதிப்போட்டியில் சிலிச்சிடம் தோற்றார். அன்றைக்கு கேலரியில் இருந்தவர்களைக் கேளுங்கள், ஒரு கல்லூரிப் பையன் ஆடுகிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பென் ஷெல்டன் 2022ல் ஃப்ளோரிடாவுக்காக என்.சி.ஏ.ஏ. பட்டம், இரண்டு வருடத்தோடு ஆகஸ்டில் கிளம்பினார். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன், வாழ்க்கையிலேயே அமெரிக்காவை விட்டு வெளியே போகிற முதல் பயணம், காலிறுதி வரை போனார். ஆன்லைனில் பாடங்களும் எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது கல்லூரித் தரவரிசையில் முதல் 20 பேருக்கு, பெரிய போட்டிகளுக்கு அடுத்த படியான சேலஞ்சர் போட்டிகளில் இடம் கொடுக்கிற திட்டமும் வந்துவிட்டது. உங்கள் ஃபுட்பால் கதை மாதிரி இங்கே கதவு ஒரேயடியாகச் சாத்தாது.

எஃப்-ஒன் ஏகாம்பரம்:

அண்ணன்மார்களே, அக்கா, ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நான் டெக்ஸஸில் எம்.எஸ். படிக்கிறேன், செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் மாணவர் விசாவுக்கே ஆபத்து. அதே விசாவில்தான் வெளிநாட்டு ஆட்டக்காரனும் இருக்கிறான். ஜாக் ஈடி, பர்டூ, 7 அடி 4 அங்குலம், கனடாக்காரர். 2023ல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். கூட ஆடுகிற அமெரிக்கப் பையன்கள் கார் கம்பெனி விளம்பரத்தில் நின்று காசு பார்க்கும்போது இவர் அமெரிக்க மண்ணில் அதைச் செய்ய முடியாது. அப்படியிருந்தும் டிராஃப்டில் கொடுத்த பெயரை வாபஸ் வாங்கி, இன்னொரு வருடம் இருந்து, மறுபடியும் சிறந்த ஆட்டக்காரர் ஆகி, 2024ல் ஒன்பதாவது ஆளாகப் போனார். கென்டக்கியில் ஆடின காங்கோ நாட்டு ஆஸ்கர் ஷீப்வே, அணி பஹாமாஸுக்குப் போன சமயத்தில் அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார், அமெரிக்காவுக்கு வெளியே என்பதால். இந்த விவரத்தைப் படித்தபோது எங்கள் அறையில் ஒருவன் எழுந்து நின்று கை தட்டினான்.

கோடம்பாக்கம் கோல்கீப்பர்:

ஏகாம்பரம், உங்கள் ரூம்மேட்டுக்கு என் வணக்கம். பெண்கள் பேஸ்கட்பாலில் எப்படி?

நாலாவது டவுன்:

தலைகீழ். டபிள்யூ.என்.பி.ஏ.யில் அமெரிக்கப் பெண்கள் அந்த வருடத்துக்குள் 22 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது டிகிரி முடித்திருக்க வேண்டும், அதனால் அனேகமாக எல்லோரும் நாலு வருடம் இருப்பார்கள். காசும் அப்போது உள்ளே இழுத்ததில்லை. கெய்ட்லின் கிளார்க் 2024ல் முதல் ஆளாகப் போனபோது முதல் வருட லீக் சம்பளம் 76,535 டாலர். அயோவாவில் இருக்கும்போது விளம்பரத்தில் அதைவிடப் பல மடங்கு பார்த்தவர். இதில் கொடுமை என்னவென்றால் டிராஃப்ட் ஏப்ரல் நடுவில், பயிற்சி முகாம் அந்த மாதக் கடைசியில், செமஸ்டர் பரீட்சை மே மாதம். இவ்வளவு வருடம் படிக்க வைத்துவிட்டுக் கடைசிப் பரீட்சைக்கு முன்னால் கூப்பிடுவார்கள்.

பழைய ஸ்கோர்ஷீட்:

நாகு ஆரம்பத்தில் "அப்புறம் வருவோம்" என்று வைத்த இடத்துக்கு நானே வருகிறேன், ஏனென்றால் மேலே பேசினதில் பாதி 2021க்கு முந்தைய உலகம்.

2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகப் போனது. அடுத்த மாதமே விளம்பரக் காசு திறந்தது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்கு நீதிபதி வில்கன் ஒப்புதல் கொடுத்தார், இப்போது பல்கலைக்கழகமே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம், 2025-26ல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர் வரை. ஆக, ராதா சொன்ன அந்த 25லிருந்து 45க்குள் போகிற பையனுக்கு ஜி லீகைவிட கேம்பஸில் அதிகக் காசு.

இப்போது வழக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1971ல் ஹேவுட் கோர்ட்டுக்குப் போனது கல்லூரியை விட்டு வெளியே வர. 2003ல் கிளாரெட் போனதும் வெளியே வர. 2024 டிசம்பரில் டியேகோ பாவியா, வேண்டர்பில்ட் க்வார்ட்டர்பேக், கோர்ட்டில் வாங்கியது கல்லூரியில் இன்னொரு வருடம் ஆட அனுமதி. ஜூனியர் காலேஜ் என்கிற இரண்டு வருடக் கல்லூரியில் ஆடின வருடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வாதாடினார். இந்த மாதிரி வழக்குகள் அவரோடு நிற்கவில்லை. இருக்கிறவர்களில் யாராவது டிகிரி பாக்கி இருக்கிறது என்று கோர்ட்டில் சொன்னார்களா என்றால், இழக்கப்போகும் வருமானத்தைத்தான் சொன்னார்கள்.

எனவே நாகுவின் 106 பேர் பட்டியலைப் பார்த்து, பையன்களுக்குப் படிப்பில் ஆசை வந்துவிட்டது என்று நம் வாட்ஸ்அப் மாமாக்கள் யாரும் ஃபார்வர்டு போட வேண்டாம்.

ராலே ராதா:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருக்கிறான் என்றால் அதே இடத்தில் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் 2024லிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம், உடனே ஆடலாம். நாலு வருடத்தில் மூன்று பல்கலைக்கழகம். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கிரெடிட் செல்லாமல் போகும், இங்கே எடுத்த பாடம் அங்கே மேஜருக்குச் சேராது, எலெக்டிவ் என்று ஓரமாக எழுதிவைப்பார்கள். ஐந்தாவது வருடம் ஆட்டம் முடிந்து நிற்கும்போது கையில் 110 கிரெடிட் இருக்கும், எந்த டிகிரிக்கும் முழுசாகப் பொருந்தாது.

இதைவிட, கிளம்பிப் போய்த் திரும்பி வருகிறவனுக்கு வழி ஒழுங்காக இருக்கிறது. 2018ல் காண்டலீசா ரைஸ் தலைமையில் ஒரு குழு போட்டார்களே, அதன் பிறகு வந்த விதிப்படி, ஸ்காலர்ஷிப்பில் இரண்டு வருடமாவது படித்துவிட்டுப் போன பேஸ்கட்பால் ஆட்டக்காரர் பத்து வருடத்துக்குள் அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தால் கல்விக் கட்டணமும் புத்தகச் செலவும் அவர்கள் பொறுப்பு. சொந்தக் காசில் முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. நாகு சார், உங்கள் கட்சிக்கு நீங்களே சொல்லாத வலுவான பாயிண்ட் இது, சும்மா கொடுக்கிறேன்.

நியூஜெர்சி நாகு:

வாங்கிக்கொண்டேன் மேடம். சரி, என் கட்சியைக் கொஞ்சம் திருத்தி எழுதுகிறேன். முதல் இருபதுக்குள் போவான் என்று இரண்டு மூன்று அணிகளின் வாயிலிருந்தே வந்தால் கிளம்பு, அங்கே டிகிரியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்குக் கீழே என்றால் இரு, காசு வாங்கிக்கொண்டு இரு, ஆனால் அட்வைசர் காட்டுகிற அட்டவணையை மட்டும் நம்பாமல் டிப்பார்ட்மென்டில் போய் நேராகக் கேள். ஃபுட்பாலில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் என்றால் எந்த இடமானாலும் விதி அனுமதிக்கிற முதல் நாளே கிளம்பு, அதில் எனக்கு மாற்றமில்லை.

நாலாவது டவுன்:

ரன்னிங் பேக் விஷயத்தில் நானும் உங்களோடுதான். மார்கஸ் லாட்டிமோர், தென் கரோலைனா. 2010ல் முதல் வருடத்திலேயே 1,100 கெஜத்துக்கு மேல் ஓடினவன். மூன்று வருட விதி இல்லாவிட்டால் அப்போதே போயிருப்பான். 2011ல் ஒரு முழங்கால், 2012ல் இன்னொன்று, அந்த இரண்டாவதை டி.வி.யில் திரும்பப் போடவே யோசித்தார்கள். நாலாவது சுற்றில் எடுத்தார்கள், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014ல் ஓய்வு. அவனுக்கு விளம்பரக் காசும் கிடையாது, பத்து வருடம் முந்திப் பிறந்துவிட்டான்.

சேத்துப்பட்டு சர்வீஸ்:

ஸ்கோர்ஷீட் சார், பாவியா வழக்குக்குத் தனி இழை போடுங்கள். ஜூனியர் காலேஜ் கணக்கு டென்னிஸுக்கும் வந்தால், 24, 25 வயது ஐரோப்பிய ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டு 18 வயதுப் பையனுக்கு ஸ்காலர்ஷிப் இடமே இல்லாமல் போகும். ஏற்கனவே பாதி அணி அப்படித்தான் இருக்கிறது.

பழைய ஸ்கோர்ஷீட்:

போடுகிறேன், ஞாயிறு வரை பொறுங்கள். ஏகாம்பரம், விசா பகுதியை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.